என் அறைக்கு வராத காற்று

காற்று யாருக்கும் சொந்தமில்லை ஐயா. அது எல்லா உயிர்களுக்கும் பொது. இந்தக் கொள்கையை நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை. என் படுக்கையறைக்கு மட்டும் அது சரியாக வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வீடு முழுக்க ஒரே ஏசி. இயந்திரம் பரணில் இருக்கிறது. அங்கிருந்து பருமனான குழாய்கள் ஒவ்வோர் அறைக்கும் போய், கூரைத் துவாரம் வழியாகக் காற்றை இறக்கும். வேறு யாராவது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருப்பார்கள். நான் அலுவலகத்தில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தலைவனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்க எனக்குக் கூலிக்கு ஆள் தேவையில்லை.

நாற்காலியில் ஏறி, ஒவ்வொரு துவாரத்துக்கு நேராகவும் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தேன். என் அறையில் அது செத்த எலியின் வால்போலத் தொங்கியது. கூடத்தில் லேசாக அசைந்தது. என் மச்சினன் அறையில் படபடவென்று அடித்துக்கொண்டது. அவன் அறை இயந்திரத்துக்கு நேர் கீழே இருப்பதை மனைவி ஒரு காரணமாகச் சொன்னாள். கூடப்பிறந்த பாசம். கேட்டுக்கொண்டேன், தள்ளுபடி செய்தேன்.

மச்சினன், மனைவியின் தம்பி. வேலை போனதும் எங்களோடு வந்து தங்கியவன். குழாய்க்குள் காற்றை மறிக்கத் திருகுகிற தகடு ஒன்று உண்டு. என் அறைத் தகட்டை அவன்தான் மூடியிருக்கிறான் என்ற முடிவுக்கு வந்தேன். ஆனாலும் நான் அவசரக்காரன் இல்லை. கூடத்தில் உட்காரவைத்து முறைப்படி விசாரித்தேன்.

"காத்தை வச்சு நான் என்ன மாமா பண்ணப்போறேன்? மூட்டை கட்டி விக்கவா?"

"கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு."

"உங்க ரூமுக்கு ஏசியே பத்தாது மாமா. நீங்க விடுற அனலுக்குப் புகைபோக்கிதான் வைக்கணும்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். என் எதிரில் உட்கார்ந்து யாரும் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்து முடித்துச் சமையலறைக்குப் போன பிறகும் எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம், "வா, உன் கையாலேயே காட்டு" என்று அவனைப் பரணுக்கு ஏற்றினேன். அங்கே நிமிர முடியாது, தவழ்ந்துதான் போகவேண்டும். அவன் டார்ச்சோடு முன்னால், நான் பைப் ரெஞ்சோடு பின்னால். என் அறைக் குழாயில் தகட்டின் திருகுபிடியைத் தட்டிக் காட்டினான்.

"முழுசாத் தொறந்துதான் இருக்கு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்க மாமா."

திறந்துதான் இருந்தது. அதாவது, எனக்குத் தெரியாமல் முன்பே ஏறித் திறந்து வைத்துவிட்டான். தடயத்தை அழிக்கிறவனிடம் மேற்கொண்டு விசாரிப்பது வீண். ரெஞ்சால் பின்மண்டையில் அடித்தேன். திரும்பிப் பார்த்து "மாமா" என்றான். மரியாதை தெரிந்த பையன்தான். அடுத்த அடியில் தாடை கழன்றுவிட்டதால், அவன் தரப்பில் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. மேல்முறையீட்டுக்கு இடமில்லாதபடி முடித்துவைத்தேன்.

சத்தம் கேட்டு மனைவி ஏணியில் ஏறி, பரண் விளிம்பைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். "தம்பி, தம்பி" என்று ஒரே கூச்சல். பரண் வாசலின் மூடியைப் போட்டேன். இரும்பு மூடி. அவள் கையை எடுத்திருக்கலாம். விரல்களைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராமே, வருத்தம்தான். நான் இறங்கியபோது ஏணிக்கடியில் கிடந்தாள். என் அறைக்குப் போக அவளைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

காகிதத்தைப் பிடித்தேன். அசையவில்லை. பிறகுதான் உறைத்தது: அவன் உடம்பு என் குழாய்மேல் சரிந்து அதை நசுக்கிக்கொண்டிருந்தது. செத்தும் மறிக்கிறான். மறுபடி ஏறி, காலைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் தள்ளினேன். வந்து மறுபடி பிடித்தேன். துவாரத்திலிருந்து ஒரு சொட்டு, காகிதத்தில் விழுந்து சிவப்பாகப் பரவியது. காற்று வரவில்லை.

எல்லாவற்றையும் நானே செய்தேன், நிதானமாகச் செய்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மற்றது அற்ப விஷயம், ஆனால் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். வீட்டில் காவலுக்கு நின்ற உங்கள் கான்ஸ்டபிள் புழுக்கம் தாங்காமல், கூடத்துச் சுவரின் அடியில் இருக்கும் கம்பிக்கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். இயந்திரம் காற்றை உள்ளே இழுப்பது அது வழியாகத்தான். தூசியைப் பிடிக்க அங்கே ஒரு ஃபில்டர் இருக்கும். கோடை தொடங்கியபோது புதிதாக வாங்கி நான்தான் மாட்டினேன்.

பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் மாட்டியிருந்தேன்.