சின்ன ர போட்ட கவர்

தைலம்மாள்: மூட்டைய எங்க இறக்கட்டும், நயினாரே?

மல்லிநாதன்: இன்னாம்மா இது... குப்பைய கொண்டாந்து கடைக்குள்ள...

தைலம்மாள்: எல்லாம் உங்க முறுக்கு கவரு. கோட்டை அடிவாரத்துல நான் பெருக்கி எடுத்தது. உங்க சரக்கு, உங்ககிட்டயே சேத்துட்டேன்.

மல்லிநாதன்: நான் முறுக்கு சுட்டு விக்கிறவன். தின்னவன் கவரை வீசிட்டுப் போனா நானா பொறுப்பு?

தைலம்மாள்: பஞ்சாயத்து மீட்டிங்ல அப்படித்தான் சொன்னாங்க. கவர்ல யார் பேரோ அவங்கதான் திருப்பி எடுத்துக்கணுமாம்.

மல்லிநாதன்: பழைய இரும்புக் கடையில போடறதுதானே?

தைலம்மாள்: பாட்டில் எடுக்கறான், அட்டை எடுக்கறான். இந்த பளபளா கவரை மட்டும் தொட மாட்டேங்கறான். குமிச்சு வெச்சா காத்துல மறுபடி மலையேறிடுது. மறுபடி நான்தான் குனியணும். முதுகு விட்டுப்போச்சு, நயினாரே.

மல்லிநாதன்: இரு, ஒண்ணு குடு... அட, இது என்னுதே இல்லம்மா. பாரு, 'முருக்கு'ன்னு சின்ன ர போட்டிருக்குது. என் கவர்ல பெரிய ற. எவனோ டூப்ளிகேட் அடிச்சிருக்கான்.

தைலம்மாள்: ஒரு எழுத்துல இன்னா...

மல்லிநாதன்: சின்ன ர போட்டா முருக்கு ஒரு மரத்தோட பேரும்மா. நான் மரமா விக்கிறேன்?

தைலம்மாள்: கடிச்சா அப்படித்தான் இருக்குது.

மல்லிநாதன்: வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

தைலம்மாள்: டூப்ளிகேட்டுன்னா விடக்கூடாது. உங்க போன் நம்பரைக் கூட போட்டிருக்கான் பாருங்க. வாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துடலாம்.

மல்லிநாதன்: போலீஸா... அதெல்லாம் எதுக்கும்மா...

தைலம்மாள்: இன்னா, இப்படி வேர்க்குது?

மல்லிநாதன்: ...என்னுதுதான். மொத்த கவரும் தப்பா அச்சாயிடுச்சு. தூக்கிப்போட மனசு வரல. மேல்மலையனூர் அமாவாசைக்கும் கோட்டைக்கும் அனுப்பிட்டேன். அந்தக் கூட்டத்துல எவன் எழுத்துக்கூட்டிப் படிக்கப்போறான்னு...

தைலம்மாள்: நான் படிச்சேனே.

மல்லிநாதன்: சரி, இறக்கு. இனிமே காலி கவரெல்லாம் இங்கயே கொண்டா. சிமெண்ட் ஃபேக்டரியில சூளைக்கு எரிக்க எடுத்துக்கறாங்களாம், வண்டி வெச்சு அனுப்பிடறேன். போதுமா?

தைலம்மாள்: வாரா வாரம்?

மல்லிநாதன்: வாரா வாரம். ஆனா நியாயமா பாத்தா பாதி மூட்டைய அந்த பிரஸ்ல இருக்கற பொண்ணு தலையில வைக்கணும். சின்ன ர அடிச்சது அவதானே?

தைலம்மாள்: அது எம் மவ கலைச்செல்விதான், நயினாரே. நீங்க கைப்பட எழுதிக் குடுத்த சீட்டு எங்க வீட்ல பத்திரமா இருக்குது... அதுலயும் சின்ன ர தான்.