நாப்பத்தெட்டு எண்

இல்ல தம்பி, மறுபடியும் அதையே கேக்காதீங்க. பாஸ்வேர்டு எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரிக்கும் தெரியும். இந்த லேப்டாப் சனியன் அதைக் கேக்கவே மாட்டேங்குதே. பத்து நாளைக்கு முன்னாடி தானா ஏதோ அப்டேட் போட்டுச்சு, தானா அணைஞ்சு எந்திரிச்சுச்சு, அன்னையிலேர்ந்து இந்த நீலத் திரைதான். நாப்பத்தெட்டு எண்ணுல ஏதோ சாவியாம், அதைக் கொண்டான்னு நிக்குது. என் போன் நம்பரே எனக்கு யோசிச்சாத்தான் வரும்.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமா இதே பொழப்பு. எந்த லிஃப்டா இருந்தாலும் ஆள் உள்ள மாட்டிக்கிட்டா வெளியிலேர்ந்து கதவத் திறக்க ஒரு சாவி உண்டு. அது இல்லாம ஓட்டவே விடமாட்டாங்க. இதுக்குப் பூட்டு போட்டவன் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? வாங்கும்போதே பூட்டித்தான் குடுத்திருக்கான்னு நீங்க சொல்லித்தான் தெரியுது. திருடன் தூக்கிட்டுப் போனாலும் படிக்க முடியாதாமே. நல்ல விஷயம்தான். ஆனா திருடன் வரவே இல்லையே தம்பி. வீட்டுக்காரங்க நாங்கதான வெளிய நிக்கறோம்.

டிஸ்க்கக் கழட்டி வேற மிஷின்ல மாட்டினா? அதுலயும் குப்பையாத்தான் தெரியுமா. சரி, விடுங்க.

உள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல. போட்டோ கீட்டோ இல்ல. உங்க கடைக்கு வெளிய பெஞ்சுல, கழுத்துல துணி சுத்திக்கிட்டு உக்காந்திருக்காளே, அவதான் என் வீட்டுக்காரி. அவ குரல்தான் உள்ள இருக்கு. தொண்டையில கட்டி, குரல்பெட்டியையே எடுத்தாகணும்னுட்டாங்க. அதுக்கு முன்னாடி நானூறு வாக்கியம் பேசிப் பதிஞ்சு வெச்சா, அப்புறம் ஒரு கருவி அவ குரல்லயே பேசும்னு சொல்லி ஆஸ்பத்திரில ஒரு பட்டியல் குடுத்தாங்க. எதிரொலி வரக்கூடாதாம். பீரோவுக்குள்ள, துணிங்களுக்கு நடுவுல தலைய விட்டுக்கிட்டு மூணு வாரம் பேசினா. தண்ணி குடுங்க, வலிக்குது, லைட்ட அணைங்கன்னு. பட்டியல்ல இல்லாததும் பேசினா. ஈரத் துண்ட கட்டில்ல போடாதீங்க, இதை மட்டும் நாலு தடவை, நாலு விதமான கோவத்துல. நான் சிரிச்சுட்டேன். என் சிரிப்பும் பதிவாயிடுச்சுன்னு அதுக்கும் ஒரு திட்டு. அந்தத் திட்டும் உள்ளதான் இருக்கு.

காப்பி எடுக்கல. ஆபரேஷன் முடிஞ்சு வந்து மொத்தமா குடுத்துக்கலாம்னு இருந்துட்டோம். அதை என் மச்சினன் ஏற்கெனவே கேட்டு மானத்த வாங்கிட்டான், நீங்களும் ஆரம்பிக்காதீங்க.

சாவி மெயில் கணக்குல இருக்குமான்னா? என் மெயில், அவ சொந்த மெயில், எல்லாம் பாத்தாச்சு. மொத நாள் அவ ஆஃபீஸ் மெயிலப் போட்டுத்தான் இதைத் திறந்தா. கஸ்டமர் கேர் வேலை, நாள் பூரா போன்ல பேசற வேலை. சாவி அங்கதான் போயிருக்கும்னு நீங்க சொல்றது சரிதான். நேர்லயே போய்க் கேட்டேன். அந்தக் கணக்கே இப்ப இல்லையாம். அழிச்சது அழிச்சதுதானாம்.

அவங்களத் திட்டி என்ன பண்றது. ஆபரேஷன் முடிஞ்சு இவ கண்ணத் திறக்க முடியாமக் கிடக்கறா, தலைமாட்டுல போன் ஓயாம டிங்கு டிங்குங்குது, எல்லாம் ஆஃபீஸ் மெயில். வேலைய விட்டவளுக்கு எதுக்குய்யா இதெல்லாம்னு மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போனேன். இன்னைக்கே மூடுங்க, ஒண்ணு விடாம அழிங்கன்னு நாந்தான் எழுதிக் குடுத்தேன். ஒரு மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. தேங்க்ஸ் வேற சொன்னேன்.

அவளுக்கு இது தெரியாது. தினமும் சிலேட்டுல எழுதிக் காட்டறா, ஆஃபீஸ்ல கிடைச்சுதான்னு. தேடிக்கிட்டிருக்காங்கன்னு சொல்லி பத்து நாள ஓட்டிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க தம்பி. வெளிய வந்து, டிஸ்க் எரிஞ்சு போச்சுன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. சாவிங்கற பேச்சையே எடுக்காதீங்க, அழிக்கச் சொன்னது நாந்தான்னு டக்குனு புரிஞ்சுக்குவா.

திட்டுவாளேன்னு பயந்து கேக்கல. வாய்விட்டுத் திட்டுவான்னா நானே போய்ச் சொல்லிடுவேனே.