இரண்டு பெட்டி சாட்சி

மலாயாவில் வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில், காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, ரெம்பாவ் பக்கத்திலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்துக் கேட்டில் தினமும் காலையில் சோதனை நடக்கும். அன்று வரிசையில் எனக்கு முன்னால் துரை பங்களாவில் வேலை செய்கிறவரும், பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணும் நின்றார்கள்.

“வானத்துலேருந்து விழுறத பாக்க பங்களாவுக்கு ஒரு வெள்ளக்காரரு வந்திருக்காரு தங்கச்சி.”

“மழையாண்ணே?”

“கண்ணுக்குத் தெரியாதாம். பெட்டிக்குள்ள பளிங்கு மாதிரி ஒரு கல்லு வெச்சிருக்காரு. விழுறது அதுல பட்டா மின்னுமாம். மேல ஒரு பெட்டி, கீழ ஒரு பெட்டி. ரெண்டும் ஒரே நேரத்துல மின்னுதான்னு சோதிச்சிக்கிட்டே இருக்காரு.”

“ஒன்னு பிந்தி மின்னுனா?”

“கண்ண சிமிட்டுற நேரம் பிந்துனாலும் சேத்துக்க மாட்டாராம்.”

“ஒரு பெட்டி மட்டும் மின்னுனா?”

“அது பொய்யாம். ஒத்தப் பெட்டி சொல்றத நம்பக் கூடாதுன்னு என்கிட்டயே சொன்னாரு லா.”

வரிசை நகர்ந்தது. போலீஸ்காரி அவளுடைய வாளிக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

“எங்க வீட்டுக்காரர போலீசு லாரியில ஏத்துனப்ப,” வாளியை வாங்கிக்கொண்டே அவள் சொன்னாள், “ஆள்காட்ட தலையில சாக்கு மாட்டிக்கிட்டு வந்த ஒருத்தன்தான்ணே இவருதான்னு தலைய ஆட்டுனான். ஒரே ஒருத்தன்.”

அவர் சட்டையைத் தூக்கிச் சோதனைக்காரனிடம் இடுப்பைக் காட்டினார்.

“அந்த வெள்ளக்காரரு ஒரு நடை போலீசு டேசனுக்கு வந்து இத சொல்லுவாராண்ணே?”

“நாளைக்குக் கப்பலேறுறாரு. பெட்டியும் கூடவே போவுது.”