பூட்டியவனுக்கான பக்கம்

மலிவுத் தாளில் அச்சான பழைய படக்கதைப் புத்தகங்களை ஈரக்கையால் தொடலாகாது, ஆய்வாளர் அவர்களே, ஓரம் பொடிந்துவிடும். என் பையிலிருந்து எடுத்த புத்தகக் கட்டை உங்கள் காவலர் தேநீர்க் குவளையருகே வைத்திருக்கிறார். சற்றுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அவை என் தங்கை தமிழ்ச்செல்வியுடையவை.

சிதம்பரத்தில் பதிகம் பயிற்றுவிப்பவனுக்குப் பேய்க்கதைகளோடு என்ன உறவு என்று கேட்டீர்கள். ஓர் உறவும் இல்லை. சிறுமியாக அவள் இவற்றைப் படித்தபோதெல்லாம் பறித்துப் பரணில் எறிந்தவன் நான். அவள் சிரிப்பாள். "அண்ணா, ஒன் பாட்டுல பாவம் பண்றவன் அடுத்த ஜென்மத்துலதான் மாட்டுவான். இதுல கடைசிப் பக்கத்துலயே மாட்டிக்குவான், தெரியுமா?"

அவளைக் கடலூர் முதுநகரில் ஜெயப்பிரகாஷுக்குக் கொடுத்தோம். துறைமுகத்தருகே மீன் வைக்கும் குளிர்அறை நடத்தியவன். அவளுக்கு மூச்சிளைப்பு நோய் உண்டு என்பதைச் சொல்லியே கொடுத்தோம். மார்கழியில் ஒரு நாள் வாய்ச்சண்டை முற்ற, அவளை வீட்டின் படுக்கையறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டு வெளியே போனான். உறிஞ்சும் மருந்து கூடத்து அலமாரியில் இருந்தது. கதவு தட்டும் ஓசையை அண்டைவீட்டு ஞானமேரி கேட்டிருக்கிறார். கணவன் மனைவி பூசல் என்று வாளாவிருந்துவிட்டார். இளைப்பால் வந்த இறப்பு என்று தாளில் எழுதி முடித்தார்கள்.

கருமாதியன்று நான்தான் பதிகம் பாடினேன். பந்தியில் ஜெயப்பிரகாஷ் என் எதிரே வந்தமர்ந்து, இந்தக் கட்டைத் தரையில் தள்ளினான்.

"மச்சான், ஒங்க தங்கச்சியோட பேய் புக்கு. எடைக்குக் கூட எவனும் எடுக்க மாட்டான். நீங்களே வச்சிக்கிங்க." பிறகு குரலைத் தாழ்த்தினான். "எல்லாரும் என்னயே பாக்குறாங்க. கதவ சாத்துனது ஒரு குத்தமா? அவ விதி அவ்ளோதான். நீங்கதான மச்சான் விதி விதின்னு பாடுறீங்க."

நான் சினங்கொள்ளவில்லை. இலையில் இட்ட சோற்றை ஒரு பருக்கை விடாமல் உண்டேன். கை கழுவும்போதுதான் இடது உள்ளங்கையில் என் நகங்களே பதிந்து குருதி கசிந்திருப்பதைக் கண்டேன்.

வீட்டிற்கு வந்து கட்டைப் பிரித்தேன். ஓவியம் கோரம், நடை இழிவு. ஆயினும் நீதி வழுவவில்லை. நாயைப் பட்டினி போட்டவனை நாய்கள் தின்றன. கிணற்றில் தள்ளியவன் தன் வீட்டுக் கூடத்திலேயே நீரில் மூழ்கினான். பிறவிதோறும் காத்திருக்கச் சொல்லும் என் பாடல்களைவிட, அந்தக் கறுப்புக் கட்டங்கள் என் தங்கையின்மேல் பரிவு கொண்டிருந்தன.

ஆட்கள் வராத ஞாயிற்றுக்கிழமை பகலில் அவனைக் காணச் சென்றேன். குளிர்அறைக் கதவின் உள்கைப்பிடி உடைந்து நெடுநாளாகிறது. சாத்திக்கொள்ளாதிருக்க ஒரு மரக்கட்டையை அண்டை கொடுப்பார்கள். குழாயில் பனி கட்டியதைப் பார்க்க அவன் உள்ளே போனான். கட்டையை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவே. கதவு தன் எடையால் சாத்திக்கொண்டது.

முதலில் வைதான். பிறகு, "மச்சான், வெளயாடாதீங்க, கை மரத்துப் போவுது" என்றான். வெகுநேரம் கழித்துக் கதவோடு வாய் வைத்துப் பேசினான்: "அன்னிக்குப் பாதி வழியிலயே திரும்பிட்டேன் மச்சான். தெறக்கத்தான் வந்தேன். சாவியக் காணல."

அது உண்மையாக இருக்கலாம். நான் முற்றத்தில் அமர்ந்து, இறந்தார்க்குப் பாடும் பதிகத்தைப் பண் பிசகாமல் தொடங்கினேன். தட்டுதல் தாளத்திற்கு இடையூறாக இருந்தது. கடைசிப் பாடலான கடைக்காப்பை எட்டுமுன் அது நின்றது. அதன்பின் மாலைவரை அங்கேயே இருந்தேன், எவரேனும் வந்து திறந்துவிடக் கூடாதே என்று.

ஆனால் இதை என் முடிவென்று எழுதிக்கொள்ளாதீர்கள். எங்களிடம் கயிறு சாத்திப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஐயம் எழுந்தால் இறைவனை வேண்டி, கண்மூடி, பதிக ஏட்டினிடையே கயிற்றைச் செருகுவோம். திறக்கும் பாடலே ஆணை. பதிக ஏட்டில் சாத்தினால் எங்கு திறந்தாலும் அருளே விடையாக வரும் என்பதை நான் அறிவேன். ஆகவே தங்கையின் புத்தகக் கட்டினிடையே கயிற்றைச் சாத்தினேன். பூட்டியவன் பூட்டப்பட்டு இறக்கும் பக்கம் திறந்தது. விதி சொன்னது, நான் பணிந்தேன். இதில் என் விருப்பம் எள்ளளவும் இல்லை.

அதற்கு முன்பு பலமுறை சாத்தியதில் வேறு பக்கங்கள் வந்தன என்பது மெய்தான். அப்போதெல்லாம் என் கை சரியாக விழவில்லை.