சுற்றும் திசை

முதலில் ஒரு திருத்தம் சார். பெல்ட் என்று நான் சொன்னதும் உங்கள் எழுத்தர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தப் பெல்ட் இல்லை. டைமிங் பெல்ட் என்று முழுசாக எழுதச் சொல்லுங்கள். முப்பத்தோரு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். என் வாக்குமூலத்தில் ஒரு பாகத்தின் பெயர் அரைகுறையாக இருந்தால் எனக்குப் பிடிக்காது.

அது ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது வால்வு விலகி நிற்க வேண்டும். ஒரே குளியலறையை இரண்டு குடித்தனங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகிற மாதிரி. முறை பிசகாமல் பார்த்துக்கொள்வது இந்தப் பல் வைத்த ரப்பர் பட்டை. அது அறுந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். எஞ்சின் அந்த நொடியே நின்றுவிடும். ஸ்டியரிங் கனத்துப்போகும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வழக்கம்போல இருக்கும், அதற்குப் பிறகு கட்டையாகிவிடும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியாமல் இத்தனை வருடம் என்ன குப்பை கொட்டினேன்?

மாப்பிள்ளையின் காருக்கு இருபத்திரண்டு வயது. மலைக்கு அந்தப் பக்கம் துறைமுகத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர வேண்டும். வீடு கூட வாடகைக்குப் பேசிவிட்டார். முதலில் அவர் காரில் சாமான்களோடு போவது, ஒரு வாரம் கழித்து என் மகள் ரயிலில் போவது என்று ஏற்பாடு. போவதற்கு முன்னால் வண்டியை என்னிடம் கொண்டுவந்து விட்டார்.

அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். தங்கமான பையன். என் மகளிடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் சிக்கலே. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது. அவளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருப்பாள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட் முதுகெல்லாம் வெடித்திருந்தது. ஓரத்தில் நூல் பிரிந்து தொங்கியது. இரண்டு பற்கள் அடியில் கிழிந்திருந்தன. அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் சக்கரத்தைக் கையால் சுற்றினால் கரகரவென்று அரைத்தது. இரண்டையும் புதிதாக வாங்கி வந்தேன். மாற்றத்தான் வாங்கினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோது மகள் பட்டறைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க. நான் என்ன ஒரேயடியாவா போறேன்? மாசம் ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போறேன்."

மாதம் ஒரு தடவை. கரண்ட் மீட்டர் பார்க்கிறவனும் அப்படித்தான் வருகிறான். அவள் அம்மா போனபோது இவளுக்குப் பத்து வயது. தலை பின்னிவிடுவதிலிருந்து காய்ச்சலுக்கு நெற்றியில் துணி போடுவது வரை எல்லாம் இந்தக் கிரீஸ் படிந்த கைதான். இன்னொரு கல்யாணம் பண்ணிக்கொள் என்று ஊரே சொன்னது. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படி வளர்த்தவனுக்கு மாதம் ஒரு தடவையா? சரிம்மா என்றேன். அவள் போனதும் பழைய பெல்ட்டையும் அந்தப் பழைய டென்ஷனரையுமே எடுத்து மாட்டினேன்.

உங்கள் நிபுணர் அறுந்த பெல்ட்டில் என்ன கண்டுபிடித்தார் என்று சொன்னீர்கள். வெள்ளைப் பெயின்டில் கையால் போட்ட ஓர் அம்புக்குறி. புதுப் பெல்ட்டுக்கு அது தேவையில்லை, கம்பெனியே அச்சடித்து அனுப்பும். பழையதைக் கழற்றித் திரும்ப அதையே மாட்டப்போகிறவன்தான், முன்பு எந்தத் திசையில் சுற்றியதோ அதே திசையில் மாட்ட வேண்டும் என்று குறி போடுவான். திசை மாறினால் சீக்கிரம் அறுந்துவிடும். கொல்லப்போகிற பெல்ட்டுக்கு எதற்குக் குறி என்று சிரித்தீர்கள். சிரிக்காதீர்கள் சார். கை தானாகச் செய்தது. எந்த வேலை செய்தாலும் நான் சுத்தமாகத்தான் செய்வேன்.

பிறகு மூடியின் மேல் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதினேன். பெல்ட் மாற்றினால் அப்படி எழுதிவைப்பது என் வழக்கம். மாற்றாமல் எழுதியது அந்த ஒரு தடவைதான். மாப்பிள்ளை கெட்டிக்காரர், வீட்டுக்குப் போகிற வழியில் அடுத்த தெருப் பட்டறையில் நிறுத்தி எதற்கும் ஒரு பார்வை பார்க்கச் சொல்லியிருக்கிறார். மாமனார் மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்தப் பட்டறைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று அவரே உங்களிடம் சொல்லியிருப்பார்.

"இது உங்க மாமா எழுத்துங்க. அவர் எழுதினதுக்கு மேல நான் திறந்து பார்க்கறதா? நாளைக்கு அவர் மூஞ்சியில முழிக்க வேணாமா?"

அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அவர் மேல் தப்பில்லை. இந்த வட்டாரத்தில் என் எழுத்துக்கு அவ்வளவு மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்பத் தயாராக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள். பட்டறையில் வளர்ந்த காது.

"அந்தப் பழைய கரகரப்பு அப்படியே இருக்கேப்பா."

"புது பேரிங்கும்மா. செட் ஆகற வரைக்கும் கொஞ்சம் கத்தும்."

என் மகளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். மற்றபடி இருபத்தேழு வருடத்தில் ஒன்றுமில்லை. அவள் உடனே நம்பினாள், அது மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. பிறகு திடீரென்று, நானும் இவரோடயே போறேன், வீட்டை ஒதுங்க வச்சுட்டு வர்றேன் என்று ஆரம்பித்தாள். முன்சீட்டில் இடமில்லை. அவளுடைய தையல் மெஷினை அங்கே வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தேன். பின்சீட்டில் கூரை வரைக்கும் மூட்டை. எல்லாம் நான் முந்தின நாளே ஏற்றியது. பார்த்தீர்களா, அவளுக்கு ஒரு கீறல்கூட விழக்கூடாது என்று எவ்வளவு யோசித்திருக்கிறேன்.

நேற்று உங்களிடம் வேறு மாதிரி சொன்னேன். சமவெளியிலேயே அறுந்து நின்றுவிடும், திங்கட்கிழமை வேலை கைநழுவும், மாப்பிள்ளை தொங்கின முகத்தோடு திரும்பி வருவார், அவ்வளவுதான் என் கணக்கு என்றேன். நீங்களும் பாதி நம்பினீர்கள். அந்த மாதிரி ஒரு கதை கையில் இருந்ததால்தான் எனக்கும் இத்தனை நாள் தூக்கம் வந்தது. இன்று அதை விட்டுவிடுவோம். இந்த வயதில் எனக்கு என்ன பயம்?

நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் போனால் அந்தப் பெல்ட் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்திருக்கும். சின்ன கியரில், எஞ்சின் கத்தக் கத்த, மலையில் இறங்கினால்தான் தாங்காது. அதனால்தான் ஜன்னல் பக்கம் குனிந்து சொன்னேன்.

"இறக்கத்துல செகண்ட் கியர்லயே போங்க மாப்பிள்ளை. பிரேக்கை நம்பாதீங்க, எஞ்சினை நம்புங்க."

நல்ல அறிவுரைதான். எந்த டிரைவிங் ஸ்கூலிலும் இதையே சொல்லுவார்கள். எஞ்சின் நின்றுபோனால் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்கக்கூடாது, ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்ட வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கலாம். அரை நிமிடம் போதும். அவர் கேட்கிற பையன்தான், அப்படியே செய்திருப்பார். சொல்லவில்லை.

"சரிங்க மாமா. அவளைப் பார்த்துக்குங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஏழாவது வளைவில் தடுப்புச் சுவர் ஒரு பக்கம் இடிந்து கிடப்பது எனக்கு முன்பே தெரியும். பத்தரை மணிக்கு உங்கள் ஆட்களிடமிருந்து போன் வரும் வரை மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவளைத் தனியாக விட எனக்கு மனசு வரவில்லை.

வருத்தமா என்று கேட்டீர்கள். அந்தப் பையனுக்காகக் கொஞ்சம் உண்டு. செய்ததற்காக இல்லை. ஊரில் எத்தனையோ அப்பன்கள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார்கள். அவர்களை நீங்கள் நல்லவர்கள் என்கிறீர்கள். எனக்கு அப்படி இருக்கத் தெரியவில்லை. தண்டனை எதுவானாலும் கொடுங்கள், தலையைக் குனிந்து நிற்க மட்டும் சொல்லாதீர்கள்.

புகார் கொடுத்தது அவள்தான் என்று நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். எனக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. நொறுங்கிய வண்டியை நிறுத்திவைத்த இடத்துக்கு அவளே போய், பெல்ட் துண்டை எடுத்து, அம்புக்குறியைப் பார்த்து, இது அப்பா கை என்று சொல்லியிருக்கிறாள். அவள் காட்டியிராவிட்டால் உங்கள் நிபுணர் கண்ணில்கூட அது பட்டிருக்காது. நான் வளர்த்த பெண் இல்லையா?

இப்போது அவள் துறைமுகத்துப் பக்கம், அந்த வாடகை வீட்டில் தனியாகத் தங்கியிருக்கிறாளாம். என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று எழுதியே கொடுத்துவிட்டாளாம். கோபம் சார், வேறொன்றுமில்லை. அங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்? ஒருவன் இருந்தான், அவனையும் நான் இல்லாமல் செய்துவிட்டேன். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுவாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என்னை விட்டு அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது.