டாக்டர் நோனா கேட்ட கேள்வி

இல்ல ஷாமிளா, கடைய மூடிட்டு வர்றது பெரிய விசயமில்ல. இப்ப யாரு துணி தைக்கன்னு வந்து நிக்கிறாங்க. மொதல்ல உக்காரு. ஒங்கப்பா மறுபடி குடிக்கிறாரு, சாப்புடுறதும் இல்லன்னு அம்மா சொல்லிச்சு. வியாழக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகணும், மறுபடி தலைக்குக் கரண்ட் வைக்கிறதப் பத்திப் பேசுவாங்க, சிங்களத்துல சொல்ல இந்த மாமா வேணும். வெளங்குது.

நீயே பேசலாந்தானே. ம்... ஆமா, மக முன்னுக்கு அவருக்கு வெக்கமாத்தான் இருக்கும். அட்டன் பக்கத்து ஆளு, கடையில சாமான் கேக்கிற அளவுக்குத்தான் சிங்களம் தெரியும்.

தொண்ணூத்தேழுல நீ சின்னப்புள்ள. காலையில ரப்பர் பால் வெட்டப் போறதுக்கு முன்னுக்கே அவருக்குக் கசிப்புச் சாராயம் வேணும். இல்லாட்டி கை நடுங்கும், கத்தி ரப்பர் மரத்துல நிக்காது. அப்ப ஒங்கம்மாவுக்குக் கை ஒடஞ்சிச்சே, வழுக்கி விழுந்துட்டேன்னு ஒன்கிட்ட சொல்லியிருக்கும். விழல, குடிச்சுட்டு அவரு அடிச்சது. செஞ்சதப் பாத்து அவரே ஒடஞ்சு போயிட்டாரு. ஒரு வாரம் பாய விட்டு எழும்பல, பொறகு கயித்த எடுத்துக்கிட்டு ரப்பர் காட்டுக்குள்ள போனாரு. கங்காணி கண்டதால பொழச்சாரு. நாந்தான் ருவான்வெல்லையில பஸ்ஸேத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன்.

அங்க இருந்த டாக்டர் நோனா, சிங்களப் பொம்பள, நல்லவங்க. இது குடிக்கு நேர் மருந்தில்ல, மனசு இப்பிடி விழுந்து கெடக்கிறதுக்குத்தான் மூளைக்குக் கரண்ட் குடுக்கிறது, மனசு எழும்புனா குடிய விடலாம்னாங்க. தூங்க வச்சுத்தான் செய்வோம், கொஞ்சம் ஞாபகம் தவறும்னும் சொன்னாங்க. எல்லாம் எங்கிட்ட சிங்களத்துல சொல்லிட்டு, அவரு கெமதிதன்னு கேட்டாங்க. சம்மதமான்னு.

ஆறு தரம் வச்சாங்க. பொறகு ஆறு வருசம் அவரு குடியத் தொடல. ஒன்னய ஏ.எல். பரீச்ச வரைக்கும் படிக்க வச்சாரு. ஆஸ்பத்திரியில இருந்த அந்த மாசம் மட்டும் அவருக்குச் சுத்தமா ஞாபகமில்ல. லயத்துல யாரு கேட்டாலும், நானே சரின்னு சொல்லித்தான் வச்சாங்க, துணிஞ்சுதான் படுத்தேன்னு பெருமையா சொல்லுவாரு. தீவாளிக்குத் தீவாளி எனக்கு வேட்டி எடுத்துக் குடுப்பாரு. நான் ஒரு வேட்டியக்கூட கட்டல. அப்பிடியே பெட்டியில கெடக்கு.

அதத்தான் சொல்ல வர்றேன். அப்ப அவரே சம்மதிச்சவரு, இப்ப ஏன் பயப்படுறாருன்னு நீ கேக்கிற.

அப்பவும் பயந்தாரும்மா. டாக்டர் முன்னுக்கே எங்கையப் புடிச்சுக்கிட்டாரு. மச்சான், வேணாம்னு சொல்லுங்க, மாத்திரை எத்தன குடுத்தாலும் முழுங்குறேன், தலையில மட்டும் எதுவும் செய்ய வேணாம்னு சொல்லுங்கன்னாரு. இவரு என்ன சொல்றாருன்னு டாக்டர் நோனா எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தங்கச்சியோட கைதான் கண்ணுல நின்னுச்சு. பயப்படுறாரு, ஆனா சம்மதம்னு சொல்றாருன்னேன். அவரு பெருவெரல நானே புடிச்சுச் சம்மதக் கடுதாசியில வச்சேன். மாத்திரைக்குத்தான்னு அவருகிட்ட சொன்னேன். ஞாபகம் போன பொறகு, நீங்களேதான் சரின்னீங்கன்னும் நாந்தான் சொல்லி வச்சேன்.

வியாழக்கெழம வர்றேன். அதுக்கு முன்னுக்கு இத அவருகிட்ட சொல்லணும். இரு, ஒங்கூடவே வர்றேன்.