தைத்த நேரத்துக்குக் கழிவில்லை

டக்ஸ் பேச்சு, வருமான வரிப் பேச்சு என்றுதான் காது கொடுத்தேன். வெரிபீ புறநகர் ரயிலில் எனக்கு எதிரே யாழ்ப்பாணத் தம்பதி ஒன்று. மனைவியின் மடியில் உள்ளங்கை அளவில் வெள்ளைச் சட்டைகள். இறந்து பிறக்கும் குழந்தைகளுக்காக ஆஸ்பத்திரிக்குத் தைத்துக் கொடுக்கிறார் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“துணிக் காசை மட்டும் டக்ஸில கழிக்கலாமாம். நீர் தைச்ச நேரத்துக்கு ஒண்டும் இல்லையாம்,” என்றார் கணவர்.

“சரி.”

“குடுக்கேக்க ஆஸ்பத்திரியில ரசீது ஒண்டு கேளுமன்.”

“நான் கேக்கமாட்டன்.”

“ஏனப்பா?”

தைத்துக்கொண்டிருந்த மனைவி ஊசியை நிறுத்தினார். “எங்கட பிள்ளையை அடக்கம் செய்யேக்க போட்ட சட்டையையும் ஆரோ ஒருத்தி தைச்சுத்தானே குடுத்தவ. அவ ரசீது வாங்கியிருப்பாவோ?”

கணவர் அவர் மடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

“எங்கட பிள்ளையின்ர சட்டையில மஞ்சள் பொத்தான் இருந்தது.”